ஒரே கணக்கை எத்தனை தரம் செய்வது? வீடியோவின் பின்னாலுள்ள ஒரு கணிதத்தின் வரலாறு

அண்மைக்காலமாக எமது ஒன்றுகூடல்களில் ஒரு செய்தி அடிபடுகின்றது. உலகம் பார்க்கும் வீடியோப் படங்களுக்கெல்லாம் அடிப்படையான கணிதத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்பதே அது. ஆதாரம் கேட்டால், 1974 ஜனவரியில் ஐ.இ.இ.இ. என்ற பொறியியலாளர் அமைப்பின் கணனிச் சஞ்சிகையில் வெளியான ஒரு சிறு கட்டுரையைச் சொல்கிறார்கள். அதை எழுதியவர்கள் மூவர்: என். அகமது, ரி. நடராஜன், கே. ஆர். ராவ். நடுவிலுள்ள பெயரே ஆதாரம். அதற்கு மேலான ஆதாரம் எதையும் இதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை. முதலாவது பெயரை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்வதில் உள்ள அரசியலை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இவ்வுரிமைகோரலை மறுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. 'யார் முதலில்?' என்ற கேள்வியோடு இவ்வரலாற்றுக்குள் நுழைபவருக்கு அதிலுள்ள மிக முக்கியமான விடயம் தென்படாமலே போய்விடும் என்பதுதான் எனது வாதம். ஒரு தரம் செய்த கணக்கை மறுபடி செய்யாதிருப்பது எப்படி என்பதே இக்கணிதத்தின் சாரம். ஆனால் இக்கணிதமே, ஒருவர் செய்ததை மற்றவர் அறியாமல், நூற்றறுபது ஆண்டுகளில் பல தரம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இம்முரண் எமக்கும் பொருந்துகின்ற ஒன்று என்று நினைப்பதாலேயே, பொறியியற் சஞ்சிகைக்குரிய விடயத்தை இங்கு எழுதத் துணிகிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி தொடக்கம் பல ஆண்டுகள் வீடியோ டீகோடர்களுக்கு நிரல் எழுதி வயிறு வளர்த்தவன் நான். ஆகவே இது வெறும் கேள்விஞானமல்ல.

1

எதைப்பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

தொண்ணூறுகளின் இறுதியில் எம்மவர் கடைகளில் வீடியோக் கசெற்றுகளின் இடத்தைப் பிடித்த வி.சி.டி. இறுவட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய முறையில் அது செக்கனுக்கு 25 நிலைப்படங்களைக் காட்டும். ஒவ்வொரு படமும் குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளிகள் கொண்டது. வெளிச்சத்துக்குப் புள்ளிக்கு ஓர் எண். கண்ணுக்கு நிறத்தில் நுணுக்கம் குறைவு என்பதால், நிறத்துக்கு நான்கு புள்ளிகளுக்கும் பொதுவாக இரண்டு எண்கள். இவற்றை அப்படியே பதிவதென்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 30 மில்லியன் பிற்றுகள் வேண்டும். இறுவட்டில் படத்துக்கென்று கிடைப்பதோ 1.15 மில்லியன். 26 மடங்கு சுருக்கியாக வேண்டும்.

இச்சுருக்கத்தின் ஒரு பகுதி, அடுத்தடுத்த படங்களுக்கிடையே மாறாதவற்றைத் திருப்பி அனுப்பாமல் விடுவதால் கிடைக்கின்றது. மற்றப் பகுதிக்குத்தான் கோசைன் உருமாற்றம். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒரு கட்டத்தின் 64 எண்களை வேறு 64 எண்களாக மாற்றுவார்கள். புதிய எண்களில் முதலாவது, அக்கட்டத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்லும். அடுத்து வருபவை, வெளிச்சம் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் மெதுவாக எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும். கடைசியில் இருப்பவை சேலைக்கரையின் சரிகை, தலைமயிர் போன்ற மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களைச் சொல்லும். சுவர், வானம், கன்னம் முதலிய இடங்களில் பின்னுள்ள எண்கள் அநேகமாகப் பூச்சியம். அடுத்து, ஒவ்வொரு எண்ணையும் ஓர் அட்டவணையிலுள்ள எண்ணால் வகுத்து, கிட்டிய முழுவெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிடுவார்கள். எறிவதில் பெரும்பகுதியைக் கண் கவனிப்பதில்லை. அளவுக்கு மீறி எறிந்தால் மட்டும் பிடிபட்டுவிடும். மலிவுக் கொப்பிகளில் மழைக்காட்சியும் சண்டைக்காட்சியும் சிறுசிறு சதுரங்களாக உடைந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அச்சதுரங்கள்தான் நான் சொல்லும் கட்டங்கள்.

டீகோடரின் வேலை இதன் மறுதலை. அட்டவணை எண்ணால் திரும்பப் பெருக்கி, உருமாற்றத்தைத் தலைகீழாகச் செய்து, 64 புள்ளிகளையும் மீட்டெடுக்க வேண்டும். வி.சி.டி.யின் ஒரு படத்தில், நிறத்தையும் சேர்த்தால், 2,376 கட்டங்கள். செக்கனுக்கு 59,400. வரைவிலக்கணப்படி செய்தால், ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் 64 பெருக்கல்கள், மொத்தம் 4,096. எல்லாக் கட்டங்களுக்கும் முழுக்கணக்குத் தேவை என்று வைத்துக்கொண்டால், செக்கனுக்கு 243 மில்லியன் பெருக்கல்கள்.

1993 இல் சந்தைக்கு வந்த பென்ரியம் சிப்பின் துடிப்பு செக்கனுக்கு 60 அல்லது 66 மில்லியன். ஒரு முழுவெண் பெருக்கலுக்கு அதற்குச் சுமார் பத்துத் துடிப்புகள் சென்றன. வேறெதுவும் செய்யாமல் பெருக்கிக்கொண்டே இருந்தாலும் செக்கனுக்கு ஆறு மில்லியன் சொச்சந்தான் முடியும். 243 மில்லியனை ஆறு மில்லியனுக்குள் அடக்கவேண்டும். விடையில் வித்தியாசம் வரக்கூடாது. இதுதான் பிரச்சினை.

2

உண்டியலில் ஊருக்குக் காசு அனுப்பியவர்களுக்கு இதற்கான வழியை விளக்குவது சுலபம். ஒரே வீட்டுக்கு எட்டுப் பேர் காசு கொடுத்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவரின் தொகையையும் அன்றைய மாற்று விலையால் பெருக்கி, பிறகு எட்டையும் கூட்டலாம். அப்போது எட்டுப் பெருக்கல்கள். முதலில் எட்டுத் தொகையையும் கூட்டிவிட்டு ஒரு தரம் பெருக்கலாம். அப்போது ஒரு பெருக்கல். விடை ஒன்றுதான்.

கோசைன் அலைகளில் இதே வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. எட்டுப் புள்ளிகளின் மேல் வரையப்படும் எட்டு அலைகளில் நான்கு, கண்ணாடியில் பார்த்ததுபோல், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரேமாதிரியானவை. மற்ற நான்கும் அளவில் ஒன்று, குறியில் எதிர். ஆகவே முதலாம் புள்ளியும் எட்டாம் புள்ளியும் எப்போதும் ஒரே எண்ணால்தான் பெருக்கப்படும். இரண்டையும் ஒரு தரம் கூட்டியும் ஒரு தரம் கழித்தும் வைத்துக்கொண்டால் 64 பெருக்கல்கள் 32 ஆகிவிடும். கூட்டி வந்த பாதிக்குள்ளும் அதே சமச்சீர் இருக்கிறது. அங்கும் பாதியாக்கலாம். இது ஒரு வரிசைக்கான கணக்கு. கட்டம் முழுவதற்கும், எட்டு வரிசைகளை முதலிலும் எட்டு நிரல்களைப் பிறகும் செய்தால் போதும். அந்த ஒரு அவதானிப்பே 4,096 ஐ 1,024 ஆக்கிவிடுகிறது.

எல்லா விரைவு உருமாற்றங்களுக்கும் அடியில் இருப்பது இவ்வளவுதான். ஒரே பெருக்கல் எங்கே இரண்டாந்தரம் வருகிறது என்று கண்டுபிடிப்பது, கண்டபின் அதை ஒரு தரமாக்குவது.

3

இதை முதலில் கண்டவர் எனத் தெரியவருபவர் ஜேர்மனியரான கார்ல் பிரீட்றிஷ் கௌஸ். காலம் 1805 அளவில். பல்லாஸ் என்ற சிறுகோளின் பாதையைக் கணிக்க அவரிடம் பன்னிரண்டு அளவீடுகள் இருந்தன. பன்னிரண்டையும் ஒன்றாகக் கணிக்காமல் நாலு நாலாக மூன்று கூட்டங்களாக்கி, அவற்றின் விடைகளைப் பிறகு இணைத்தார். இயந்திரத்தனமான கணக்கின் அலுப்பை இது பெரிதும் குறைக்கும் என்று குறிப்பும் எழுதிவைத்தார். ஆனால் அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1855 இல் அவர் இறந்து, 1866 இல் அவருடைய தொகுப்பு நூல்களின் மூன்றாம் பாகத்தில்தான் அது வெளிவந்தது. எழுதப்பட்டிருந்த மொழியோ இலத்தீன். வெளிவந்த பின்பும் வாசிப்பாரின்றிக் கிடந்தது.

இதற்கிடையில் 1807 இல் ஜோசப் பூரியே, எந்த வடிவத்தையும் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்ற கருத்தைப் பாரிஸ் கல்விக்கழகத்தின் முன் வைத்தார். லக்ராஞ்ச் முதலிய பெரியவர்கள் ஒப்புக்கொள்ளாததால், 1822 இல் வெளிவந்த வெப்பம் பற்றிய நூலில்தான் அது முழு வடிவம் பெற்றது. பூரியே நெப்போலியனோடு எகிப்துக்குச் சென்றவர், பின்னர் கிறெனோபிளில் நெப்போலியனின் நிர்வாகியாக இருந்தவர் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. உருமாற்றம் இன்று அவருடைய பெயராலேயே வழங்குகிறது. அதை விரைவாகக் கணிக்கும் வழியை, அவர் அக்கருத்தை வெளியிடுவதற்கு முன்பே கௌஸ் எழுதிவைத்திருந்தார்.

1903 இல் ஜேர்மனியில் கார்ல் ரூங்க இதையொத்த ஒரு முறையை வெளியிட்டார். 1942 இல் அமெரிக்காவில், திரவங்களில் எக்ஸ் கதிர்கள் சிதறுவதை ஆராய்ந்த டானியல்சனும் லான்சோசும் ரூங்கவிலிருந்து தொடங்கி, கணக்கைப் பாதிபாதியாக உடைக்கும் வழியைத் தெளிவாக எழுதினார்கள். கையால் கணிப்பதற்கு எவ்வளவு நேரமாகும் என்றும் கொடுத்தார்கள்: 8 எண்களுக்குப் பத்து நிமிடம், 16 க்கு 25, 32 க்கு 60, 64 க்கு 140 நிமிடம். பழைய வழியில் எண்கள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும். இங்கோ இரண்டேகால், இரண்டரை மடங்குதான்.

லான்சோஸ் ஹங்கேரியில் பிறந்த யூதர். ஜேர்மனியில் ஐன்ஸ்ரைனுக்கு உதவியாளராக இருந்து, 1931 இல் அமெரிக்கா சென்றவர். மக்காத்தியின் கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் அங்கும் சந்தேகத்துக்குள்ளாகி, ஐம்பதுகளில் அயர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டு தரம் இடம்பெயர்ந்த ஒருவரின் கட்டுரை இருபதாண்டுக்கு மேல் பரவலாகக் கவனிக்கப்படாமல் கிடந்ததற்கு அவருடைய அகதி வாழ்வைக் காரணமாகச் சொல்ல நான் முனையவில்லை. 64 எண்களுக்கு மேல் கையால் கணிக்க அன்று எவருக்கும் தேவையிருக்கவில்லை என்பதே பிரதான காரணம். தேவை வருமுன் வந்த விடை, தேவை வந்தபோது ஞாபகத்தில் இருக்கவில்லை.

தேவை அணுகுண்டு வடிவில் வந்தது. 1963 இல் அணுப் பரிசோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் உருவானபோது, நிலத்தடிப் பரிசோதனைகள் அதற்குள் அடங்கவில்லை. நிலநடுக்கத்தையும் நிலத்தடி வெடிப்பையும் தூரத்திலிருந்து பிரித்தறிவது எப்படி என்ற கேள்வி தீராதிருந்தது. அதற்கு நிலநடுக்கக் கருவிகளின் பதிவுகளை அலைகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவுகளோ மிக நீளமானவை. அமெரிக்க ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசனைக் குழுக் கூட்டமொன்றில் கணிதவியலாளர் ஜோன் ரூக்கி ஏதோ எழுதிக்கொண்டிருப்பதைப் பக்கத்திலிருந்த றிச்சார்ட் கார்வின் கவனித்தார். ஐதரசன் குண்டின் முதல் வடிவமைப்பில் பங்கேற்ற அதே கார்வின்தான். அதன் பயன் அவருக்கு உடனே விளங்கியது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜேம்ஸ் கூலேயிடம் நிரல் எழுதக் கொடுத்தார். உண்மை நோக்கத்தைச் சொல்லாமல், ஹீலியம் பளிங்கொன்றின் ஆராய்ச்சிக்கு என்று சொன்னார். கூலே அதை அவசரமில்லாத வேலையாக, இடையிடையே கிடைத்த நேரத்தில் செய்தார். 1965 ஏப்ரலில் கூலே–ரூக்கி கட்டுரை வெளிவந்தது. 1,024 எண்களுக்குப் பழைய வழியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட படிகள். புதிய வழியில் பத்தாயிரம் அளவில்.

கட்டுரை வெளிவந்த பிறகே, 'நாங்கள் டானியல்சன், லான்சோஸ் வழியில் இதையே செய்துகொண்டிருக்கிறோமே' என்ற குரல்கள் வந்தன. கூலே அவற்றை மறைக்கவில்லை. 1967 இல் தன் சகாக்களோடு சேர்ந்து முன்னோடிகளைப்பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். கௌஸின் பங்கு எழுபதுகளின் பிற்பகுதியில் சுட்டிக்காட்டப்பட்டு, 1984 இல் மூன்று அமெரிக்கப் பொறியியலாளர்கள் விரிவாக எழுதிய பின்பே பரவலாகத் தெரியவந்தது. எழுதி ஏறத்தாழ 180 ஆண்டுகளின் பின்.

4

இனி அந்த 1974 ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வருவோம்.

நசீர் அகமது 1940 இல் பெங்களூரில் பிறந்தவர். அப்போது கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். நடராஜன் அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த மாணவர். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952 இல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் ஆசிரியராக இருந்தவர். படங்களைச் சுருக்குவதற்குக் கோட்பாட்டளவில் மிகச் சிறந்த உருமாற்றம் எதுவென்று அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் அது ஒவ்வொரு படத்துக்கும் வேறாக இருக்கும், விரைவாகக் கணிக்கவும் வழியில்லை. அதற்கு மிகக் கிட்டிய, நிலையான, விரைவாகக் கணிக்கக்கூடிய ஒன்று உண்டா என்பதே அகமதுவின் கேள்வி. 1972 இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியத்திடம் ஆய்வுக்குப் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையானது என்ற தோரணையில் ஒரு மதிப்பீட்டாளர் குறிப்பிட்டிருந்ததாக 1991 இல் அவரே எழுதியிருக்கிறார். சம்பளமில்லாத 1973 கோடை விடுமுறையை அதற்கே செலவிட்டு, மாணவரையும் நண்பரையும் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்தார்.

வெளிவந்த கட்டுரை இரண்டு விடயங்களைச் சொன்னது. ஒன்று, கோசைன் உருமாற்றம் அந்த இலட்சிய உருமாற்றத்துக்கு மிக நெருங்கி வருகிறது. இரண்டு, கூலே–ரூக்கி வழியைக் கொண்டே அதைக் கணிக்கலாம். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது ஏட்டுச்சுரைக்காயாகவே இருந்திருக்கும். அதாவது இம்மூவரின் கட்டுரைக்கு அடியில் அணுகுண்டு ஒற்றறியும் தேவை இருக்கிறது, அதற்கடியில் எக்ஸ் கதிர், அதற்கடியில் ஒரு சிறுகோள். 2022 இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அகமதுவின் கதையை உணர்ச்சிகரமாகக் காட்டியது. நல்லதே. எனினும் தனிமனிதர் ஒருவரின் வெற்றிக்கதையாக அதைச் சொல்லும்போது அடியிலுள்ள அடுக்குகள் மறைந்துவிடுகின்றன. இனத்தின் வெற்றிக்கதையாகச் சொன்னாலும் அப்படித்தான்.

5

அதன்பின் நடந்தது, ஒவ்வொரு பெருக்கலாகக் கழற்றும் வேலை. 1977 இல் வென்சியுங் சென்னும் இரு சகாக்களும், பூரியே வழியாகச் சுற்றிப் போகாமல் கோசைனை நேரடியாகவே உடைத்தார்கள். எட்டுப் புள்ளி வரிசைக்கு 64 ஆக இருந்தது 16 ஆயிற்று. 1984 இல் பி. ஜி. லீ 12 ஆக்கினார். 1989 இல் லொவ்லர், லிக்ரன்பேர்க், மொஷ்யிற்ஸ் ஆகியோர் 11 ஆக்கினர். அதற்குக் கீழே போகமுடியாது என்று கணிதரீதியாக நிறுவப்பட்டும் இருந்தது.

ஆனால் 1988 இலேயே ஜப்பானில் அராய், அகுய், நக்காஜிமா என்ற மூவர் இந்த எல்லையைப் பக்கவாட்டாகத் தாண்டியிருந்தார்கள். உண்டியல் உதாரணத்துக்கே திரும்பினால், மாற்று விலையால் எப்படியும் பெருக்கத்தான் வேண்டும் என்றால், கமிஷன் வீதத்தைத் தனியாகப் பெருக்குவானேன்? இரண்டையும் முன்கூட்டியே பெருக்கி ஒரே விலையாக எழுதி வைத்துவிடலாமே. டீகோடர் ஒவ்வொரு எண்ணையும் அட்டவணை எண்ணால் எப்படியும் பெருக்குகிறது. உருமாற்றத்தின் பெருக்கல்களில் எட்டை அந்த அட்டவணைக்குள் முன்கூட்டியே புதைத்துவிட்டார்கள். வரிசைக்கு மிஞ்சியது ஐந்தே ஐந்து.

இப்போது வி.சி.டி.யின் கணக்கைத் திரும்பப் பார்க்கலாம். வரைவிலக்கணப்படி செக்கனுக்கு 243 மில்லியன். வரிசை, நிரலாகப் பிரித்தால் 61 மில்லியன். வரிசைக்கு 11 என்றால் 10.5 மில்லியன். வரிசைக்கு 5 என்றால் 4.75 மில்லியன். ஆறு மில்லியன் என்ற வரம்புக்குள் அப்போதுதான் கணக்கு இறங்குகிறது. இவ்வீழ்ச்சியில் சிப்புக்கு எந்தப் பங்கும் இல்லை. முழுவதும் கடதாசியிலும் பென்சிலிலும் நடந்தது.

நான் இத்தொழிலுக்குள் வந்தபோது இவையெல்லாம் எழுதி முடிந்திருந்தன. எமக்கு மிஞ்சியவை சில்லறை வேலைகள். ஆனால் சில்லறையிலும் காசு இருந்தது. வகுத்து எறிந்த பிறகு ஒரு கட்டத்தின் 64 எண்களில் பூச்சியமல்லாதவை பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. முதல் எண் மட்டுமே இருந்தால் உருமாற்றமே தேவையில்லை, 64 புள்ளிகளையும் ஒரே எண்ணால் நிரப்பிவிடலாம். முழுப்பூச்சிய வரிசையைத் தாண்டிப் போய்விடலாம். எந்த இடத்தில் சோதித்துப் பார்ப்பது லாபம், எந்த இடத்தில் சோதனைக்கே அதிக நேரம் செலவாகும் என்று அளந்துகொண்டிருப்பதில் எனக்குப் பல மாதங்கள் கழிந்தன. 1997 ஜனவரியில் இன்ரெல் வெளியிட்ட எம்.எம்.எக்ஸ். வசதி ஒரே கட்டளையில் நான்கு சிறு பெருக்கல்களைச் செய்தது. பெருக்கல் மலிந்துவிட்டது. அதற்குப் பிறகு பெருக்கல்களை எண்ணுவதைவிட, எண்களை நினைவகத்திலிருந்து எந்த ஒழுங்கில் எடுப்பது என்பதே முக்கியமாயிற்று.

வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பெருக்கலைக் குறைக்கும் ஒவ்வொரு வழியும் கடைசித் தசமத்தை வேறுவிதமாக முழுமையாக்குகிறது. வீடியோவில் ஒவ்வொரு படமும் முந்திய படத்திலிருந்து ஊகிக்கப்படுவதால், அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் ஒரு துளி வேறுபட்டாலும் அத்துளி சேர்ந்துகொண்டே போகும். தொடக்கம் ஒன்றாக இருந்தும், கொஞ்ச நேரத்தில் இரு பக்கமும் வெவ்வேறு படங்களை வைத்திருக்கும். 1990 இல் வந்த எச்.261 என்ற வீடியோத் தொலைபேசி நியமம், எந்தவொரு பகுதியையும் 132 தரம் அனுப்புவதற்குள் ஒரு தரமாவது ஊகமின்றி முழுதாக அனுப்பவேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டில் ஐ.இ.இ.இ. ஒரு துல்லியச் சோதனையை வகுத்தது. எழுந்தமானமாகத் தெரிந்த பத்தாயிரம் கட்டங்களைக் கொடுத்து, பிழை இன்ன அளவுக்குள் நிற்கவேண்டும் என்றது. எமது நிரல்கள் எல்லாம் அச்சோதனையைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும்.

2003 இல் எச்.264 நியமத்தை வகுத்தவர்கள் சிக்கலை அடியோடு தீர்த்தார்கள். கோசைனின் முடிவிலாத் தசமங்களைக் கைவிட்டு, அதற்குக் கிட்டிய சிறு முழுவெண்களைக் கொண்ட நாலுக்கு நாலு உருமாற்றத்தை விதித்தார்கள். கூட்டல், கழித்தல், எண்ணை இரட்டிப்பது, பாதியாக்குவது, இவ்வளவே போதும். எல்லா இயந்திரத்திலும் ஒரே விடை. உருமாற்றத்திலிருந்து பெருக்கல் முற்றாக மறைந்துவிட்டது. மறைந்த பெருக்கல் எங்கே போயிற்று? அட்டவணைக்குள். 1988 இல் ஜப்பானியர் செய்த அதே வேலைதான். 2013 இல் வந்த எச்.265, சிப்புகளின் பலத்தை நம்பி 32 க்கு 32 வரையான பெரிய உருமாற்றங்களுக்குப் போனது. அங்கும் உள்ளே கண்ணாடிச் சமச்சீரைப் பேணியே எண்களைத் தேர்ந்தார்கள்.

6

இவ்வரலாற்றில் உரிமை பற்றிய இரண்டு நிகழ்வுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. கூலே–ரூக்கி வழிமுறைக்குக் காப்புரிமை எடுப்பதா என்று ஐ.பி.எம். யோசித்தது. ரூக்கி அந்நிறுவனத்தின் ஊழியரல்லர், கணித வழிமுறைக்குக் காப்புரிமை கிடைக்குமா என்பதும் சந்தேகம். பொதுவில் விட்டுவிட முடிவாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் அது எல்லாத் துறைகளிலும் பரவியது. மறுபக்கம், படங்களைச் சுருக்கும்போது எண்களை அடுக்கிக் குறியிடும் முறைக்கு 1987 இல் சென்னும் ஒரு சகாவும் பெற்ற காப்புரிமை, நிறுவனக் கைமாறல்களில் வேறொரு கம்பனியிடம் போய்ச் சேர்ந்தது. ஜேபெக் படங்களைக் கையாளும் அனைவரும் பணம் தரவேண்டும் என்று 2002 இல் அக்கம்பனி கிளம்பியது. பலர் கொடுத்தார்கள். மற்றவர்கள்மீது வழக்குகள் நடந்தன. 2006 இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அதன் பிரதான கோரிக்கைகளை மறுத்தபின்தான் விடயம் அடங்கியது. 'இது எனது' என்பதை நிறுவுவதற்குச் செலவான அக்காலத்தில் யாருடைய கணக்கும் ஒரு பெருக்கல்கூடக் குறையவில்லை.

எமது 'முதலில் நாமே' என்ற குரலும் காசு கேட்காத காப்புரிமைதான். அது ஒரு கண்டுபிடிப்பை அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றிலிருந்து வெட்டியெடுத்துச் சட்டகத்தில் மாட்டிவிடுகிறது. அகமது, நடராஜன், ராவ் மூவரையும் மதிப்பதென்றால், அவர்கள் எதை வாசித்தார்கள், எதன்மேல் கட்டினார்கள், அவர்கள்மேல் யார் கட்டினார்கள் என்று தொடர்ந்து போகவேண்டும். நடராஜன் தமிழர் என்று நாளை நிரூபணமானாலும் எமது பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அதனால் கோசைன் விளங்கப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கௌஸின் குறிப்புக்கு நேர்ந்தது எமக்கு அந்நியமானதல்ல. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து ஐரோப்பிய நகரங்களிலும் கனடாவிலும் தமிழில் எத்தனையோ சஞ்சிகைகள் தொடங்கி, சில இதழ்களோடு நின்றுபோயின. சாதியம், தேசியம், பெண்விடுதலை, திரும்பிப் போவதா இங்கே வேரூன்றுவதா என்ற கேள்விகள் அவற்றில் ஆழமாகவே விவாதிக்கப்பட்டன. ஆனால் அடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு சஞ்சிகையும், ஒவ்வொரு ஒன்றுகூடலும், முந்தியது எங்கே நின்றது என்று பாராமல் முதலிலிருந்தே தொடங்குகிறது. பத்தாண்டுக்கு முன் ஒருவர் சொல்லி, இன்னொருவர் மறுத்து, இருவரும் ஒரு புள்ளிக்கு வந்து சேர்ந்த வாதத்தை, இருவரின் பெயரும் தெரியாத மூன்றாமவர் புதிதாகத் தொடங்குவதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். சிறிய மொழிக்கும் சிதறிய சமூகத்துக்கும் நேரமும் ஆட்களும் குறைவு. 243 மில்லியன் பெருக்கல்களை அப்படியே செய்யும் வசதி பெரிய நாடுகளுக்கு இருக்கலாம். எமக்கில்லை.

முன்னர் சொல்லப்பட்டதை எடுத்துப் பார்க்கும் வசதி இப்போது முன்னரைவிடக் கூடியிருக்கிறது. 2005 தொடக்கம் நூலகம் திட்டத்தினர் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக வருடிச் சேமித்துவருகிறார்கள். வருடிய படங்களைச் சுருக்கப் பரவலாகப் பயன்படும் ஜேபெக் முறைக்குள் இருப்பதும் இதே எட்டுக்கு எட்டுக் கோசைன் உருமாற்றம்தான். பக்கங்கள் காப்பாற்றப்பட்டுவிட்டன. அவற்றில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதற்குப் பொருள்வாரியான அட்டவணை வேண்டும்: இன்ன கேள்வி, இன்ன ஆண்டு, இன்ன இதழ், வாதித்தவர், மறுத்தவர், விவாதம் நின்ற இடம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. தன் வீட்டு அலுமாரியிலுள்ள பழைய இதழ்களை எடுத்து, ஒருவர் ஒரு சஞ்சிகையைப் பொறுப்பேற்றால் ஓராண்டில் ஒரு தொடக்கம் கிடைத்துவிடும். இச்சஞ்சிகையின் ஆசிரியர் குழு முதலில் தன்னுடைய இதழ்களுக்கு அப்படியோர் அட்டவணையை வெளியிடவேண்டும் என்றும், இனி வரும் விவாதக் கட்டுரைகள் அக்கேள்வியில் தமக்கு முன் எழுதியவர்களைக் குறிப்பிட்டே தொடங்கவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என்னிடமுள்ள தொண்ணூறுகளின் இதழ்களுக்கு அட்டவணை தயாரிக்கும் வேலையை நான் ஏற்கத் தயார்.